205, 138, 297: உயரமானி வாங்கப் போய் ஊசித் துளையில் முடிந்த கதை

பொழுதுபோக்குக்காக நாங்கள் ஏவும் சின்ன அட்டை ராக்கெட்டின் கதை இது. ஒரே ராக்கெட், ஒரே வகை மோட்டார், ஒரே மைதானம். முதல் தடவை 205 மீட்டர் போனதாக உள்ளே வைத்த உயரமானி, அதாவது எவ்வளவு உயரம் போனது என்று அளக்கும் கருவி, சொன்னது. அடுத்த தடவை 138. அப்புறம் ஒருநாள் 297. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோம். நல்ல உயரமானியாகப் பார்த்து வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக் கூடுதலாக மூன்று கருவிகள் வேறு வாங்கினோம். கடைசியில் பார்த்தால் எந்தக் கருவியிலும் கோளாறே இல்லை. அதனால்தான் அவற்றின் பெயரைச் சொல்லப்போவதில்லை, பாவம், அவை என்ன செய்யும். உயரமானி வாங்க நினைக்கிறவர்கள் எந்த மாடல் என்றுதான் முதலில் கேட்கிறார்கள், அது ராக்கெட்டுக்குள் எங்கே உட்காரப்போகிறது என்று யாரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ராக்கெட் ரொம்பச் சாதாரணமானது. வெளிவிட்டம் சுமார் 25 மி.மீ. உள்ள அட்டைக் குழாய், பிளாஸ்டிக் மூக்குக்கூம்பு, மூன்று துடுப்பு, மோட்டார் சி6-5. எழுத்து மொத்தக் கணத்தாக்கின் (தள்ளுவிசையை எரியும் நேரத்தால் பெருக்கியது) எல்லையைச் சொல்கிறது. சி என்றால் அதிகபட்சம் 10 நியூட்டன்-வினாடி, அடுத்த எழுத்துக்குப் போனால் எல்லை இரண்டு மடங்கு. 6 என்பது நியூட்டனில் சராசரித் தள்ளுவிசை, கடைசியில் வரும் 5 என்பது எரிந்து முடிந்தபின் பாராசூட்டை வெளியே தள்ளும் மருந்து வெடிக்க எடுக்கும் வினாடிகள். மோட்டாரையும் கருவியையும் சேர்த்துக் கிளம்பும்போது எடை 80 கிராம் இருக்கும். பறப்பைக் கணித்துச் சொல்லும் ஓப்பன்ராக்கெட் மென்பொருளில் போட்டுப் பார்த்ததில் 212 மீட்டர் என்று வந்தது. கருவி அறை மூக்குக்கூம்புக்குக் கீழே, 90 மி.மீ. நீளம். அடியில் பால்சா மரத் தட்டு வைத்து ஒட்டி, பாராசூட் பக்கத்துப் புகை ஏறாதபடி மூடியிருந்தோம். இந்த ஒன்றை மட்டும் முதலிலேயே சரியாகச் செய்திருந்தோம், ஏனென்றால் கருமருந்துப் புகைக் கசடு பட்டால் எலக்ட்ரானிக்ஸ் அரித்துப்போகும் என்று ஏற்கனவே பட்டுத் தெரிந்துகொண்டவர் ஒருவர் எங்களோடு இருந்தார்.

முதலில் வாங்கியது உச்சத்தை மட்டும் சொல்கிற வகை. ராக்கெட் இறங்கியதும் எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரே ஒரு எண் காட்டும். சின்னது, இலேசானது, பழக ஒன்றுமில்லை. வண்ணம் பூசாத வெற்று அட்டை ராக்கெட்டில் வைத்து ஏவினோம், 205 என்றது. கணினி சொன்ன 212-க்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததே என்று எங்களுக்கு ஒரே பூரிப்பு. அந்தப் பூரிப்பில்தான் ராக்கெட்டுக்கு அழகாக ஸ்ப்ரே பெயின்ட் அடித்தோம். இனி வரும் வினை எல்லாம் அந்த ஒரு டப்பாவிலிருந்து வந்தது.

வண்ணம் பூசியபின் நடந்த இரண்டாவது ஏவலில் 138. கண்ணுக்கு அது முந்தையதைவிடத் தாழ்வாகப் போனதாகத் தெரியவே இல்லை. "பேட்டரி இறங்கியிருக்கும்டா" என்றான் ஒருவன். பேட்டரியை மாற்றினால் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு நாங்கள் இன்னொரு நிறுவனத்தின் கருவியையே வாங்கினோம். மூன்றாவது ஏவலில் அது 141 என்றது.

இந்த இடத்தில் எங்களுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். வேறு வேறு நிறுவனம் செய்த இரண்டு கருவிகள் ஒரே தப்பை ஒரே அளவுக்குச் செய்தால் தப்பு கருவிக்கு வெளியே இருக்கிறது என்றுதானே அர்த்தம். நாங்களோ பெயின்ட் பூசியதால் எடை கூடி, காற்றுத் தடையும் கூடி, அதனால் உயரம் குறைந்தது என்று ஒரு கதையைக் கட்டிக்கொண்டு இரண்டு வாரம் நிம்மதியாக இருந்தோம். நான்கைந்து கிராம் பெயின்ட் 65 மீட்டரைத் தின்னாது என்று அப்போது யாரும் கணக்குப் போடவில்லை.

துளையைக் கண்டுபிடித்தது தற்செயல். ராக்கெட்டைக் கையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே சுழற்றிக்கொண்டிருந்தவன், "இதில் ஓட்டை போட்டிருந்தோமே, எங்கே?" என்றான். அறையின் சுவரில் சுற்றிவர மூன்று துளைகள், ஒவ்வொன்றும் 1 மி.மீ. போட்டிருந்தோம். இப்போது விரலால் தடவினால் அந்த இடத்தில் சின்னப் பள்ளம்தான் தட்டுப்பட்டது. தையல் ஊசியால் குத்தியதும் பெயின்ட் ஏடு பட்டென்று கிழிந்தது. மூன்றில் இரண்டு முழுக்க அடைத்திருந்தன, மூன்றாவது முக்கால்வாசி.

இந்தக் கருவிகள் உயரத்தை நேராக அளப்பதில்லை, காற்றழுத்தத்தை அளக்கின்றன. கடல்மட்டத்தை ஒட்டிய இடங்களில் 8 மீட்டருக்குச் சற்று மேலே ஏறினால் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். கிளம்பும் இடத்து அழுத்தத்தைச் சுழியாக வைத்துக்கொண்டு, குறைந்ததை மீட்டராக மாற்றிச் சொல்வதுதான் அவற்றின் வேலை. ஆனால் சென்சார் தொடுவது அறைக்குள் இருக்கிற காற்றை. வெளியே அழுத்தம் குறைகிற வேகத்துக்கு உள்ளே இருக்கும் காற்று துளை வழியாக வெளியேறினால்தான் உள்ளதும் வெளியதும் ஒன்றாக இருக்கும். எங்கள் ராக்கெட் ஏழு வினாடிக்குள் உச்சிக்குப் போய்விடுகிறது, அடைத்த துளை வழியாக அதற்குள் காற்று எப்படி வெளியே போகும்? மூட்டுகளின் இடுக்கில் கொஞ்சம் கசிந்ததோடு சரி. வேடிக்கை என்னவென்றால் அந்த 138 வெறும் உளறலும் இல்லை. பாராசூட் விரிந்து ராக்கெட் மெதுவாக இறங்கும்போதும் உள்ளே காற்று கசிந்துகொண்டேதான் இருந்திருக்கும், உள்ளழுத்தம் குறைந்துகொண்டே வந்திருக்கும். கீழே வருகிற ராக்கெட்டின் உண்மையான உயரமும், பின்தங்கி ஏறிக்கொண்டிருந்த கருவியின் எண்ணும் ஒரு நொடியில் சந்தித்திருக்கும். அந்த இடம் 138. அதற்குப் பிறகு வெளியழுத்தம் கூடிவிட்டதால் கருவியின் எண் இறங்கத்தான் முடியும். ஆக, கருவி சொன்னது ராக்கெட் இறங்கும்போது கடந்துவந்த ஒரு உயரம்.

துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு ராக்கெட்காரர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. 100 கன அங்குல அறைக்குக் கால் அங்குல விட்டத்தில் ஒரு துளை, அதாவது ஏறக்குறைய 1640 கன செ.மீ.க்கு 6.35 மி.மீ. எங்கள் அறையின் கொள்ளளவு சுமார் 41 கன செ.மீ. பரப்பளவு விகிதப்படி பார்த்தால் 1 மி.மீ. துளை ஒன்றே போதும். நாங்கள் மூன்று போட்டது அதிகம்தான், இருந்தாலும் பரவாயில்லை, ஒரே துளை இருந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்து அழுத்தம்தான் உள்ளே போகும், மூன்று இருந்தால் ஓரளவு சமனாகிவிடும். சின்ன ராக்கெட்டில் தேவையான துளையே ஊசிமுனை அளவுதான் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு சொட்டுப் பெயின்ட், ஒரு பசைத் துளி, ஒரு ஸ்டிக்கர் போதும் அதை மூட.

நான்காவது ஏவல், துளைகளைத் திறந்தபின்: 209. அப்பாடா என்றிருந்தது.

ஆனால் பெயின்ட் இன்னும் எங்களை விடவில்லை. மூக்குக்கூம்பின் கழுத்திலும், அதாவது குழாய்க்குள் நுழையும் பகுதியிலும், கொஞ்சம் பெயின்ட் இறங்கியிருந்ததால் அது குழாயில் கடித்துக்கொண்டு நின்றது. கருவியை வெளியே எடுக்க ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. சரி என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். கொஞ்சம் அதிகமாகவே தேய்த்துவிட்டோம். வழுக்கிக்கொண்டு உள்ளே போய், வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. எவ்வளவு வசதி என்று நினைத்தோம்.

ஐந்தாவது ஏவலில் 297 என்றது கருவி. கைதட்டல், படம், ஆர்ப்பாட்டம் எல்லாம் ஆனது. வீட்டுக்குப் போய்க் கணினியில் அடித்துப் பார்த்தால், சி மோட்டாரில் இந்த எடைக்கு 297 வரவேண்டுமானால் காற்றுத் தடையைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைக்க வேண்டும். மாலைக்குள் சந்தோஷம் வடிந்துவிட்டது.

அப்போதுதான் பதிவுக் கருவி ஒன்று வாங்கினோம், அதாவது உச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ளாமல் ஒரு வினாடிக்கு 20 தடவை உயரத்தைக் குறித்துவைத்துப் பிறகு வரைபடமாகக் காட்டும் வகை. ஆறாவது ஏவலில் பழைய கருவியையும் இதையும் ஒரே அறையில் ஒன்றாக வைத்தோம். கீழே வந்ததும் பழையது 291 என்றது, புதியது 262 என்று பீப் அடித்தது. ஒரே அறை, ஒரே காற்று, 29 மீட்டர் வித்தியாசம். சில நிமிடம் கருவிகளைத் திட்டிவிட்டுக் கேபிளைச் செருகிப் பார்த்தோம்.

வரைபடம் அழகாக வளைந்து ஏறுகிறது. 200-ஐத் தாண்டி வளைவு படுக்க ஆரம்பிக்கிறது, 204-ல் இருக்கும்போது திடீரென்று ஒரே ஒரு புள்ளி மட்டும் 262-க்குத் துள்ளுகிறது. அடுத்த புள்ளி 190-க்கு விழுகிறது. அதற்கடுத்தது பழையபடி வளைவில் வந்து உட்காருகிறது, எதுவும் நடக்காத மாதிரி. ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் எந்த ராக்கெட்டும் 58 மீட்டர் ஏறி இறங்காது. அந்தப் புள்ளியின் நேரத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது, பாராசூட் மருந்து வெடித்த நொடி அது.

மருந்து வெடித்து மேல்பகுதியை முன்னே தள்ளும்போது அறையும் கூம்பும் சேர்ந்து பறக்கின்றன. கீழ்ப்பகுதியோடு கட்டிய கயிறு இழுபட்டதும் அறை சடக்கென்று நிற்கிறது, தளர்ந்த கழுத்துள்ள கூம்போ போன வேகத்தில் கொஞ்சம் வெளியே நழுவுகிறது. விழவில்லை, நழுவியதோடு சரி. 90 மி.மீ. நீள அறையில் கூம்பு 1 மி.மீ. வெளியே வந்தால் கொள்ளளவு 1.1 சதவீதம் கூடும், அழுத்தம் அதே அளவுக்குக் குறையும், 1000 ஹெக்டோபாஸ்கலில் 11 போய்விடும். மீட்டருக்கு மாற்றினால் 90-க்கு மேல்! காற்று உடனே துளை வழியாக உள்ளே பாய்ந்து ஈடுகட்டிவிடுவதால் இந்தப் பொய் உயரம் வினாடியில் நூற்றில் சில பங்கு நேரம்தான் உயிரோடிருக்கும், அந்த நேரத்தில் எந்தக் கருவி எந்தக் கணத்தில் எட்டிப் பார்த்ததோ அதற்குக் கிடைத்தது அந்த எண். இரண்டும் ஒத்துப்போகாததற்குக் காரணம் அதுதான். உச்சத்தை மட்டும் காட்டும் கருவிகள் எல்லாமே இப்படி ஏமாறும் என்று சொல்ல மாட்டேன், பலவற்றில் இந்த மாதிரித் துள்ளலைத் தள்ளிவிடும் வடிகட்டி நிரலிலேயே இருக்கிறது. எங்களிடம் இருந்ததில் இல்லை போலிருக்கிறது.

கழுத்தில் இரண்டு சுற்று டேப் ஒட்டி, குறுக்கே ஒரு சின்ன பிளாஸ்டிக் ஆணி போட்டதும் துள்ளல் போயே போய்விட்டது. ஏழாவது ஏவலில் பழையது 207, புதியது 206.

இத்தனைக்கும் பிறகு எங்களுக்குக் கருவிகள்மேல் நம்பிக்கையே போயிருந்ததால், ஏழாவது ஏவலின்போது கண்ணாலும் அளந்தோம். இது பழைய முறை, கோணமானியில் தொங்கும் நூல் மாதிரியான ஒன்றால் உச்சியைக் குறிபார்த்துக் கோணத்தைப் படிப்பது. தூரத்தைக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்கினால் உயரம். 150 மீட்டர் தள்ளி நின்று 54 டிகிரி பார்த்தால் 206 மீட்டர், 55 டிகிரி பார்த்தால் 214. ஒரு டிகிரி கை நடுங்கினால் 8 மீட்டர் போச்சு. ராக்கெட் உங்களை நோக்கிச் சாய்ந்து வந்தால் உயரம் கூடித் தெரியும், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் குறைந்து தெரியும். அதனால் இரண்டு பேர் எதிரெதிர்ப் பக்கம் நிற்க வேண்டும். எங்களுக்கு ஒருவர் கணக்கு 211, இன்னொருவர் கணக்கு 228. போட்டிகளில் இரண்டு நிலையங்களின் கணக்கு 10 சதவீதத்துக்குள் பொருந்த வேண்டும் என்று ஒரு எல்லை வழக்கத்தில் உண்டு. அதற்குள் நாங்கள் வந்துவிட்டோம்.

சராசரி 219-க்கு மேல் வருகிறது, கருவி 207 என்கிறது. மறுபடியுமா என்று சலித்துக்கொள்ள வேண்டாம், இந்த முறை காரணம் வெயில். கருவிகள் அழுத்தத்தை உயரமாக மாற்றும்போது ஒரு 'தர வளிமண்டல'த்தை வைத்துக் கணக்கிடுகின்றன, அதில் கடல்மட்டத்தில் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ், அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல். அன்றைக்கு மைதானத்தில் 33 டிகிரி. சூடான காற்று விரிந்து கிடக்கும், அதே அழுத்த வித்தியாசத்துக்குக் கூடுதல் உயரம் ஏற வேண்டும். கெல்வினில் 306-ஐ 288-ஆல் வகுத்தால் 1.06. அதை 207-ஆல் பெருக்கினால் 220 வருகிறது. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில் பாதி அதிர்ஷ்டம் என்று நினைக்கிறேன், கோணம் பார்த்தவர்களின் கை அவ்வளவு உறுதி கிடையாது. ஆனால் கோடை நாளில் அழுத்தக் கருவி எப்போதும் குறைத்தே சொல்லும், குளிர் நாளில் கூட்டிச் சொல்லும் என்பது உறுதி. போட்டியில் எல்லோருக்கும் ஒரே வெயில் என்பதால் யாருக்கும் நட்டமில்லை. ஓப்பன்ராக்கெட்டோடு ஒப்பிட்டுக் காற்றுத் தடையைத் திருத்தப் போகிறவர்கள் மட்டும் இந்தத் திருத்தத்தைப் போடாமல் விட்டால் இல்லாத தடையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

எட்டாவது ஏவலில் முடுக்கமானியும் உள்ள கருவி ஒன்றை வைத்தோம். மேல்நோக்கிய முடுக்கத்தை இரண்டு முறை கூட்டிக் கூட்டி உயரத்தைக் கண்டுபிடிக்கும். கேட்க நன்றாக இருக்கும், துளையே வேண்டாம். ஆனால் அன்று காற்று அடித்தது, ராக்கெட் காற்றுக்கு எதிராக நன்றாகச் சாய்ந்துகொண்டு போனது. அழுத்தம் சொன்ன உயரம் 184, முடுக்கமானிக் கணக்கில் வந்தது 216. தான் நேராக நிற்கிறேனா சாய்ந்திருக்கிறேனா என்று ஒற்றை அச்சு முடுக்கமானிக்குத் தெரியாது, குழாயின் நீளவாக்கில் போன தூரத்தை எல்லாம் உயரம் என்று எழுதிக்கொள்ளும். ஆனாலும் அதை நான் ஒதுக்க மாட்டேன். மோட்டார் எத்தனை வினாடி எரிந்தது, உச்ச முடுக்கம் என்ன, உச்ச வேகம் என்ன என்பதற்கெல்லாம் முடுக்கமானிதான் சரி. அழுத்தத்திலிருந்து வேகத்தைக் கணக்கிட்டால் துளை இருக்கும் இடமே கெடுத்துவிடும். எங்கள் ராக்கெட் வினாடிக்கு 80 மீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றின் அழுத்தம் சுமார் 3800 பாஸ்கல். துளையின் வாயில் அதில் 5 சதவீதம் புகுந்தாலே 16 மீட்டர் பிழை. கூம்பின் மூட்டிலிருந்து குழாய் விட்டத்தில் நான்கு மடங்கு தள்ளித் துளை போடு என்பது இதற்காகத்தான். எங்கள் அறையே 90 மி.மீ. என்பதால் 100 மி.மீ. தள்ள வழியில்லை, 75-ல் போட்டோம். உச்சியில் ராக்கெட் கிட்டத்தட்ட நின்றுவிடுவதால் உச்ச உயரத்துக்கு இதனால் பெரிய கேடில்லை, வேகக் கணக்குதான் கெடும்.

ஆக, எதை வாங்குவது? எங்கள் அனுபவத்தில் கேள்வி பாதி இடத்தையும் எடையையும் பற்றியது. 18 மி.மீ. குழாய் ராக்கெட்டுக்கு ஆல்டஸ் மெட்ரம் செய்யும் மைக்ரோபீக் மாதிரி ஒன்றுதான் தோது, பேட்டரியோடு சேர்த்தே 1.9 கிராம், திரை கிடையாது, எல்இடியைச் சிமிட்டி உயரத்தைச் சொல்லும். உட்கார்ந்து எண்ண வேண்டும், எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் போச்சு. மைதானத்திலேயே குழந்தைகளுக்கு எண்ணைக் காட்ட வேண்டுமானால் திரை உள்ளது வேண்டும், ஜாலி லாஜிக்கின் ஆல்டிமீட்டர்டூ அந்த வகை, அழுத்தமானி முடுக்கமானி இரண்டும் அதில் இருக்கிறது. ராக்கெட் புல்லில் தொலைகிற மைதானமாக இருந்தால் திரையைவிடச் சத்தமாகக் கத்தும் பீப்பர் பெரிது. ஜிபிஎஸ் உயரம் அளக்க அல்ல, தேட. அதன் செங்குத்துக் கணக்கு கிடைமட்டக் கணக்கைவிட எப்போதும் மோசம், முடுக்கம் அதிகமான முதல் சில வினாடிகளில் செயற்கைக்கோள் பிடியே விட்டுப்போகலாம். பெரிய ராக்கெட்டில் கருவியே மருந்தை வெடித்து உச்சியில் சின்னப் பாராசூட்டையும் தாழ வந்ததும் பெரியதையும் விடுகிறது என்றால் கணக்கே வேறு. அங்கே நாங்கள் பார்த்த அந்த ஒற்றைப் புள்ளித் துள்ளல் ஒரு வேடிக்கை எண்ணோடு முடியாது, முழு வேகத்தில் பாராசூட் விரிந்து ராக்கெட் கிழிந்துபோகும். அதற்கென்றே செய்த, ஒலிவேகத்தை ஒட்டி வரும் அழுத்தக் குழப்பத்தைக் கண்டுகொள்ளாமல் கடக்கத் தெரிந்த கருவிதான் வேண்டும், அதுவும் தனித்தனி பேட்டரியோடு இரண்டு.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பதிவுக் கருவியைத்தான் சொல்வேன். ஒற்றை எண் தப்பாக வந்தால் அது ஏன் தப்பு என்று அந்த எண்ணே சொல்லாது, வரைபடம் சொல்லிவிடும். துளை அடைத்திருந்தால் உச்சி மழுங்கிப் பாராசூட் விரிந்தபின் தள்ளி வரும், தரையில் உட்கார்ந்தபிறகும் சில வினாடி உயரம் சுழிக்கு இறங்காமல் நிற்கும். கூம்பு நழுவினால் முள் மாதிரி ஒரு புள்ளி. ஏவுகம்பியில் வெயிலில் நிற்கும்போதே கோடு நடுங்கினால் துளை வழியாக வெளிச்சம் சென்சார்மேல் விழுகிறதா என்று பார்க்க வேண்டும், சில அழுத்த சென்சார்களுக்கு வெளிச்சம் ஆகாது, ஒரு துண்டுக் கறுப்பு நுரையை மேலே வைத்தால் தீரும்.

இப்போது அடுத்த ராக்கெட் தயாராகிறது. 18 மி.மீ. குழாய். இந்த முறை பெயின்ட் அடிப்பதற்கு முன் மூன்று துளையிலும் பல்குச்சி செருகி, கூம்பின் கழுத்தைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டோம். பார்க்க முள்ளம்பன்றிக் குட்டி மாதிரி இருந்தது. நேற்றுக் காய்ந்தபின் குச்சிகளை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தோம். இரண்டு சுத்தமாக வந்துவிட்டன, மூன்றாவது முனை ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. மறுபடியும் தையல் ஊசி.